செருப்புத் தைக்காத ஊர்



இந்தக் காலத்தில் ஓர் அஞ்சலட்டை வந்துவிட்டால் எங்கள் அலுவலகத்தில் அது கைமாறிக் கைமாறிப் போகும். சென்ற மாதம் வந்தது ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதியது. பச்சை மையில், அட்டையின் விளிம்புவரை நெருக்கி எழுதியிருந்தாள். விடுமுறையில் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ படம் பார்த்திருக்கிறாள். “ஹாபிட்டுகள் செருப்பே போடாமல் பனிமலை ஏறுகிறார்கள். மார்கழிக் காலையில் எங்கள் வீட்டு மொசைக் தரையில் கால் வைத்தாலே எனக்கு உச்சிவரை சில்லிடுகிறது. அவர்களுக்குக் கால் மரத்துப்போகாதா? கல் குத்தாதா? முடி இருந்தால் மட்டும் போதுமா?” என்று மூன்று கேள்விகள். கீழே ஒரு பின்குறிப்பு: “அது கற்பனைக் கதை என்று பதில் போடாதீர்கள். அதை அப்பாவே சொல்லிவிட்டார்.”

பின்குறிப்புதான் என்னை மாட்டிவிட்டது. கைகழுவ வழியில்லை. அந்தக் கதையை எழுதிய டோல்கீனும் கைகழுவுகிற ஆள் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் நடத்திய பேராசிரியர். தான் படைத்த ஊருக்கு நாள்காட்டி, வம்சாவளி, வரைபடம் என்று எல்லாம் போட்டுவைத்தவர். கதையில் எந்த இரவில் நிலா எந்த அளவில் இருக்கும் என்றுகூடக் கணக்குப் பார்த்தவர். அவர் பாதத்தை மட்டும் யோசிக்காமல் விட்டிருப்பாரா? புத்தகத்தை மறுபடி எடுத்து, கால் வருகிற இடங்களில் மட்டும் பென்சில் கோடு போட்டுக்கொண்டே போனேன். வீட்டில் “செருப்புக் கடை வைக்கப் போகிறீர்களா?” என்று கேட்டார்கள்.

1937இல் வந்த ‘த ஹாபிட்’, 1954லும் 1955லும் மூன்று பாகமாக வந்த ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ இரண்டிலும் விஷயம் சுருக்கமாகவே இருக்கிறது. ஹாபிட்டுகள் 2 அடியிலிருந்து 4 அடி உயரம். உள்ளங்கால் பிறவியிலேயே பதனிட்ட தோல் மாதிரி தடித்தது. புறங்காலில் தலைமுடி போலவே சுருள்சுருளாகப் பழுப்பு முடி. ஆகவே காலணி அணிவது அரிது. எல்லாக் கைத்தொழிலும் தெரிந்த அந்த ஊரில் அவ்வளவாகப் பழகாத ஒரே தொழில் செருப்புத் தைப்பது என்கிறார் டோல்கீன். பாதம் பெரியது என்று அவர் பொதுவாக எங்கும் சொன்னதாகத் தெரியவில்லை. பில்போ என்ற ஹாபிட்டின் பிறந்தநாள் விருந்தில் பிரவுட்ஃபுட் என்று ஒரு பெரியவர் இரண்டு காலையும் மேசைமேல் தூக்கிப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் கால் பெரியது, முடி ரொம்ப அதிகம் என்று டோல்கீன் தனியாகக் குறிப்பிடுகிறார். எல்லார் காலும் பெரியதாக இருந்தால் ஒருவர் காலைப் பற்றி எதற்காக எழுதப் போகிறார்? முறம் போன்ற பாதமெல்லாம் ஓவியர்களும் சினிமாக்காரர்களும் வைத்தது.

முதலில் கல், முள் சங்கதியை முடித்துவிடுகிறேன். அது சுலபம். வெறுங்காலோடு வளர்ந்தவர்களின் உள்ளங்கால் காய்த்துத் தடித்திருக்கும் என்பது நமக்குப் புதிதில்லை. ஆனால் காய்த்த காலுக்கு உணர்ச்சி மட்டுப்பட்டுவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கென்யாவில் செருப்புப் போடுகிறவர்களையும் போடாதவர்களையும் வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2019இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. காய்ப்பு எவ்வளவு தடித்தாலும் தரையை உணரும் திறன் குறையவில்லை என்பது அதன் முடிவு. காய்ப்பு கெட்டியானது. தரையின் அதிர்வைக் கெட்டியாகவே உள்ளே நரம்புக்குக் கடத்துகிறது. மெத்தென்ற ரப்பர் அடி அப்படிக் கடத்தாது, நடுவிலேயே விழுங்கிவிடும்.

ஹாபிட்டுகளுக்கு இதில் இரட்டை லாபம். கல் உறுத்தாது, ஆனால் கல் இருப்பது தெரியும். காலை வைக்கும்போதே பாதி எடையை நிறுத்திப் பார்த்து, ஆடுகிற கல்லென்றால் எடுத்துவிடலாம். காட்டுப்பாதையில் சுள்ளி முறியும் முன்பே அது காலில் தட்டுப்படும். சத்தமில்லாமல் சட்டென்று மறைந்துவிடும் கலை ஹாபிட்டுகளுக்கு உண்டு என்று டோல்கீன் பெருமையாகச் சொல்கிறார். குள்ளர் கூட்டம் பில்போவைத் திருடனாக வேலைக்கு எடுத்ததே அதை நம்பித்தான். அந்தக் கலையில் பாதி அவன் உள்ளங்காலில் இருந்திருக்க வேண்டும். பூட்ஸ் போட்ட பதின்மூன்று பேருக்கு நடுவில் செருப்பில்லாத ஒருவன் திருடப் போவதுதானே நியாயம்.

நிஜத்தில் அந்த உள்ளங்கால் யாருக்கும் வாடகைக்குக் கிடைக்காது. நியூசிலாந்தில் படமெடுத்தபோது நடிகர்களுக்கு லேடெக்ஸில் முடி வைத்த பாதம் செய்து காலில் ஒட்டினார்கள். ஹாபிட் நாயகன் ஃப்ரோடோவின் படகைத் துரத்திக்கொண்டு அவன் தோழன் சாம் தண்ணீருக்குள் ஓடுகிற காட்சி நினைவிருக்கும். அதில் நடித்த ஷான் ஆஸ்டினுக்கு அந்தப் பொய்ப் பாதத்தையும் துளைத்துக்கொண்டு கண்ணாடித் துண்டு ஏறி, ஹெலிகாப்டரில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். வெறுங்கால் மகிமை பாடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கொக்கிப்புழு ஏறுவது வெறுங்கால் வழியாகத்தான். எத்தியோப்பியாவின் மேட்டுநிலத்தில், எரிமலை மண்ணில் வெறுங்காலோடு உழுகிறவர்களுக்கு யானைக்கால் போலக் கால் வீங்கும் நோய் ஒன்று உண்டு. கொசுவும் இல்லை, கிருமியும் இல்லை. அந்த மண்ணே காரணம். 1960இல் ரோமில் வெறுங்காலோடு மாரத்தான் ஓடித் தங்கம் வென்ற அபெபெ பிகிலாவும் எத்தியோப்பியர்தான். எல்லாரும் அதையே பேசுகிறோம். நான்கு வருடம் கழித்து டோக்கியோவில் அவர் காலணி போட்டுக்கொண்டு ஓடி, இன்னும் வேகமாக ஜெயித்ததை யாரும் சொல்வதில்லை.

சரி, குளிர்.

குளிரில் பாதத்தின் சங்கடமே அதற்குச் சொந்தமாகச் சூடு இல்லாததுதான். உடம்பில் சூடு பிறப்பது தசையிலும் உள்ளுறுப்பிலும். பாதத்தில் பெரிய தசை கிடையாது. அதை ஆட்டுகிற தசைகள் கெண்டைக்காலில் உட்கார்ந்துகொண்டு கயிறு போலத் தசைநாண்களை இழுக்கின்றன. ஆக, பாதத்துக்கு வரும் சூடு முழுக்க ரத்தம் கொண்டுவந்து கொடுப்பது. உடம்பின் நடுவே குளிர ஆரம்பித்தால், இதயத்தையும் மூளையையும் காப்பாற்றுவதற்காகக் கால் ரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்ளும். வீட்டில் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தால் முதலில் தோட்டத்துக் குழாயை மூடுவதில்லையா, அதே மாதிரி. கால் சில்லிடுவது கால் செய்த தப்பில்லை.

முழுக்க மூடிவிட்டாலும் ஆபத்து. அதனால் உடம்பு சில நிமிடத்துக்கு ஒருமுறை குழாயைக் கொஞ்சம் திறந்து, வெதுவெதுப்பான ரத்தத்தை விரல்களுக்கு அனுப்பி, மறுபடி மூடும். 1930இல் தாமஸ் லூயிஸ் என்ற மருத்துவர் இதை விவரித்து எழுதினார். குளிர்ந்த நீரில் வருடக்கணக்காகக் கை வைத்து வேலை பார்க்கிற மீனவர்களுக்கு இந்தத் திறப்பு மற்றவர்களைவிடச் சீக்கிரமாகவும் தாராளமாகவும் நடக்கும். பழகப் பழகக் கூடுகிற விஷயம். பிறந்ததிலிருந்து வெறுங்காலோடு திரியும் ஹாபிட் பிள்ளைக்கு அது எவ்வளவு கூடியிருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஊகம் எதற்கு, கிட்டத்தட்ட ஹாபிட்டாகவே ஒருவரைக் காட்டுகிறேன். 1960–61 குளிர்காலத்தில் எட்மண்ட் ஹிலாரியின் தலைமையில் ஒரு குழு, எவரெஸ்ட் பக்கத்தில் வெள்ளிநிறக் கூடாரம் போன்ற ஆய்வுக்கூடம் ஒன்றை அமைத்துத் தங்கி, உயரத்தில் மனித உடம்பு என்ன ஆகிறது என்று ஆராய்ந்தது. அதில் கிரிஃபித் பியூ என்ற உடலியல் அறிஞர் இருந்தார். 1953 எவரெஸ்ட் பயணத்திலும் போனவர். அவர்கள் முகாமுக்கு ஒருநாள் நேபாள யாத்திரிகர் ஒருவர் நடந்து வந்து சேர்ந்தார். வயது 35. காலில் செருப்பில்லை, கையில் உறையில்லை, குளிருக்கு ஏற்ற உடுப்பும் இல்லை. இடம் 4,650 மீட்டர் உயரம், நடுக்குளிர்காலம்.

பார்த்தவர்கள் பதறியிருப்பார்கள். அவர் பதறவில்லை. நான்கு நாள் அந்த உயரத்திலும் அதற்கு மேலும் திரிந்தார். இரவுகளில் வெட்டவெளியில் படுத்தார். வெப்பநிலை மைனஸ் 13, மைனஸ் 15 டிகிரி வரை இறங்கிய இரவுகள் அவை. நம்மில் ஒருவரை அப்படிப் படுக்கவைத்தால் விடிவதற்குள் விரல்கள் போயிருக்கும். பியூ அவரைச் சோதித்துப் பார்த்தார். பாதத்தில் எந்த மாயமும் இல்லை. உடம்பு சூடு உண்டாக்கும் வேகம் கூடியிருந்தது, அதுவும் விடாமல் உதறி நடுங்காமலே. உள்ளே அடுப்பு நன்றாக எரிந்ததால் கால் குழாயை மூடவேண்டிய அவசியம் உடம்புக்கு வரவில்லை. அவர் பாதத்தைப் பனி கடிக்கவே இல்லை.

கடைசியில் அவரை மலையிலிருந்து இறக்கியது குளிரும் இல்லை. கால்விரல்களில் தோல் ஆழமாக வெடித்து, வெடிப்பில் சீழ் பிடித்துவிட்டது. அதற்காகத்தான் கீழே இறங்கிப் போனார்.

இதைப் படித்தபோது என் பாட்டியின் குதிகால் ஞாபகம் வந்தது. பித்தவெடிப்பு வராத பாட்டி நம்மில் யாருக்கு இருந்தாள்? தடித்த தோலுக்கு வளைந்துகொடுக்கத் தெரியாது. வறண்ட குளிர்காற்று பட்டதும் இன்னும் விறைத்துக்கொள்ளும், நடக்கும்போது எடை விழுந்ததும் பிளக்கும். எங்கள் பாட்டி ராத்திரி விளக்கெண்ணெயும் மஞ்சளும் குழைத்துத் தடவிவிட்டுத்தான் படுப்பாள். ஹாபிட்டின் பாதம் கல்லுக்கும் பனிக்கும் தப்பிவிடும், ஆனால் வெடிப்புக்குத் தப்பாது என்பது என் தீர்ப்பு. டோல்கீன் எழுதாவிட்டால் என்ன, ஹாபிட்டுகளின் ஊரான ஷயரின் ஒவ்வொரு வீட்டிலும் வாசல் பக்கத்தில் ஒரு கொழுப்புச் சட்டி இருந்திருக்க வேண்டும். தென் அமெரிக்காவின் தென்கோடியில் ஆடையில்லாமல் பனி கலந்த மழையில் நின்ற யாகான் மக்களை 1830களில் டார்வின் பார்த்து வியந்தாரே, அவர்களும் உடம்பு முழுக்க விலங்குக் கொழுப்பைத்தான் பூசிக்கொண்டார்கள். படகுக்குள்ளேயே நெருப்பும் வைத்திருந்தார்கள்.

முடி போதுமா என்பது மாணவியின் மூன்றாவது கேள்வி. போதாது. ஆர்க்டிக் நரிக்கு உள்ளங்காலிலேயே அடர்ந்த மயிர் உண்டு. அதன் அறிவியல் பெயரான ‘லகோபஸ்’ என்பதற்குப் பொருளே முயல்கால் என்பதுதான். ஹாபிட்டின் முடி புறங்காலில். பனிக்கும் பாதத்துக்கும் நடுவில் அது வராது. ஆனால் வீண் என்றும் சொல்ல முடியாது. உங்கள் புறங்காலைக் குனிந்து பாருங்கள், பச்சை நரம்பு மேலாக ஓடும். திரும்பிப் போகிற ரத்தம் தோலுக்கு அடியிலேயே அங்கே போகிறது. அந்த இடத்தில் ஒரு கம்பளிப் போர்வை இருந்தால் ரத்தம் சூட்டை அதிகம் இழக்காமல் மேலே போகும். ஓநாய்க்கும் கலைமானுக்கும் இன்னொரு ஏற்பாடு உண்டு. காலுக்கு இறங்கும் சூடான ரத்தமும் ஏறும் குளிர்ந்த ரத்தமும் ஒட்டி ஒட்டியே ஓடும். இறங்குவது தன் சூட்டை ஏறுவதற்குக் கொடுத்துவிட்டுப் போகும். பாதம் உறைநிலைக்குச் சற்று மேலே நின்றால் போதும் என்று அந்த உடம்பு ஒப்புக்கொண்டுவிடுகிறது. ஹாபிட்டுக்கு இது இருந்ததா என்று டோல்கீன் சொல்லவில்லை. நான் கொடுத்துவிட்டேன்.

ஆக, எல்லாம் அந்த நேபாள யாத்திரிகரின் அடுப்பில் போய் நிற்கிறது. இங்கேதான் ஹாபிட்டுகளின் சாப்பாட்டைப் பற்றி என் அபிப்பிராயம் மாறியது. நாளைக்கு ஆறு வேளை சாப்பிடுவார்கள், கிடைத்தால். பில்போ கதையின் தொடக்கத்திலேயே இரண்டாவது காலைச் சாப்பாட்டுக்கு உட்காருகிறான். இதைப் படிக்கும் எல்லாரும் சிரிக்கிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 6 அடி மனிதனையும் அதே வாகில் 3 அடி ஹாபிட்டையும் பக்கத்தில் நிறுத்தினால், ஹாபிட்டின் தோல் பரப்பு நாலில் ஒன்று. உடம்போ எட்டில் ஒன்றுதான். அதாவது ஒவ்வொரு கிலோ உடம்புக்கும் சூடு வெளியேறும் வாசல் இரண்டு மடங்கு. சின்னப் பாத்திரத்துப் பால் சீக்கிரம் ஆறுவது இதனால்தான். அந்த உடம்பு, கம்பளிக்காலுறை கூட இல்லாமல், இங்கிலாந்து மாதிரி ஒரு ஊரில் தாக்குப்பிடிக்க வேண்டுமென்றால் விறகு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆறு வேளை சாப்பாடு தீனிப்பண்டாரத்தனம் இல்லை. அதுதான் அவர்களுடைய பூட்ஸ்.

வீடும் அப்படித்தான். குன்றைக் குடைந்த வளை வீடு. சில மீட்டர் ஆழத்தில் மண் கோடையிலும் குளிரிலும் கிட்டத்தட்ட ஒரே சூட்டில் இருக்கும். இங்கிலாந்தில் அது சுமார் 10 டிகிரி. வெளியே ஏரி உறைந்தாலும் உள்ளே கால் வைக்கும் தரை உறையாது. பில்போ வீட்டில் உக்கிராண அறைகள் மட்டும் பலப்பல என்று கதை சொல்கிறது. விறகும் அடுப்பும் ஒரே கூரைக்கடியில்.

இந்த வாதத்துக்கு டோல்கீனே சாட்சி வைத்திருக்கிறார். ஷயரின் சரித்திரத்தில் நீண்ட குளிர்காலம் ஒன்று வருகிறது. டோல்கீனின் நாள்காட்டியில் மூன்றாம் யுகம் 2758–59. அதிலும் அதைத் தொடர்ந்த பஞ்சத்திலும் ஆயிரக்கணக்கானவர்கள் மாண்டார்கள். அந்த வருடங்களுக்கு ஹாபிட்டுகள் வைத்த பெயரே பற்றாக்குறை நாட்கள் என்பதுதான். யாருக்கும் பாதம் உறைந்த கதை அதில் இல்லை. உக்கிராணம் காலியானது. 2911இல் இன்னொரு கொடுங்குளிர். பிராண்டிவைன் ஆறு உறைந்து, வெள்ளை ஓநாய்கள் அதன்மேல் நடந்து ஊருக்குள் வந்தன.

இனி மாணவி கேட்ட பனிமலை. டிசம்பர் 25ஆம் தேதி ரிவெண்டெல் என்ற எல்ஃப் ஊரிலிருந்து கிளம்பிய ஹாபிட்டுகள் உட்பட ஒன்பது பேர் ஜனவரி நடுவில் கராத்ராஸ் கணவாயில் பனிப்புயலில் சிக்குகிறார்கள். அந்த அத்தியாயத்தை இம்முறை மெதுவாகப் படித்தேன். ஃப்ரோடோவின் கால் வலிப்பதாக ஒரு வரிகூடக் கிடையாது. அவனுக்குத் தூக்கம் வருகிறது. இதமாக, கனவு போல, பனி மேலே மூட மூடச் சொக்குகிறது. உடம்பின் மையச் சூடு இறங்கும்போது மனிதர்களுக்கு நிஜமாகவே இப்படித்தான் ஆகும். கொஞ்ச நேரத்தில் நடுக்கமும் நின்று, சுகமாகப் படுத்துக்கொள்ளத் தோன்றும். கூட வந்த மந்திரவாதி கேண்டால்ஃப் அவர்களுக்கு என்ன செய்கிறார்? காலைத் தேய்த்துவிடவில்லை, துணி சுற்றவில்லை. ஆளுக்கு ஒரு வாய் மிருவோர் என்ற பானம் கொடுக்கிறார், பிறகு நெருப்பு மூட்டுகிறார். ஆளுக்கு ஒரு கட்டு விறகு சுமந்துவரச் சொன்ன, கூட வந்த வீரன் போரோமிரின் முன்யோசனை அங்கே உயிரைக் காப்பாற்றுகிறது. மறுநாள் பனி அந்த உயரமான போரோமிருக்கே மார்பளவு. ஹாபிட்டுகளை முதுகில் தூக்கிக்கொண்டுதான் இறங்குகிறார்கள். லெகோலாஸ் என்ற எல்ஃப் ஒருவன் மட்டும் லேசான காலணியோடு பனியின் மேலாகவே ஓடிவிடுகிறான். எல்ஃப்களைப் பற்றி இங்கே பேச இடமில்லை.

ஆகவே, படத்தில் அவர்கள் ஏறியதைப் பார்த்த மாணவிக்கு என் பதில்: ஏறினார்கள், ஆனால் அங்கே தோற்றுத் திரும்பினார்கள்.

என்னை ரொம்ப நேரம் நிறுத்திவைத்தது பனியில்லை, சேறு. செருப்புத் தைக்காத அந்த ஊரிலும் ஒரு பகுதிக்காரர்கள் மட்டும் பூட்ஸ் போடுவார்கள். கிழக்குப் பகுதியின் சதுப்புநிலத்து ஹாபிட்டுகள், சேறு பிடிக்கும் நாட்களில், குள்ளர்கள் செய்த பூட்ஸ் அணிவார்கள் என்று முன்னுரையில் ஒரு வரி. கல்லுக்கு வேண்டாம், பனிக்கு வேண்டாம், சேற்றுக்கு வேண்டும் என்று ஏன் எழுதினார்? தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டை உறிஞ்சும் என்பது ஒன்று. இன்னொன்று, 1916இல் முதல் உலகப் போரின் சொம் போர்முனையில் டோல்கீன் சமிக்ஞை அதிகாரியாக இருந்தார். அந்தப் போரில் பதுங்குகுழிச் சேற்றில் நாட்கணக்கில் நின்ற சிப்பாய்களுக்குக் கால் உறையாமலே அழுகியது. உறைநிலைக்கு மேலான குளிரும் ஈரமும் சேர்ந்தாலே போதும். திமிங்கில எண்ணெய் தடவச் சொன்னார்கள், காலுறையை மாற்றிக்கொண்டே இருக்கச் சொன்னார்கள், அதிகாரிகள் சிப்பாய்களின் காலைச் சோதிக்க வேண்டியிருந்தது. டோல்கீனை ஊருக்குத் திருப்பி அனுப்பியது காலில்லை, பேன் பரப்பிய காய்ச்சல். ஆனாலும் ஆயிரம் ஈர பூட்ஸுகளைப் பார்த்த ஓர் இளைஞர் பின்னால் எழுத உட்கார்ந்தபோது தன் பிரியமான ஜனங்களுக்குக் காலணியே வேண்டாம் என்று வைத்தார். நான் முடிச்சுப் போடுவது அதிகம்தான். போட்டுவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு வேடிக்கை. ‘த ஹாபிட்’ நூலுக்கு டோல்கீன் வரைந்த படம் ஒன்றில், கழுகின் கூட்டுக்குப் பக்கத்தில் கண்விழிக்கும் பில்போ பூட்ஸ் போட்டிருக்கிறான்! அமெரிக்கப் பதிப்பாளர்களுக்கு 1938இல் எழுதிய கடிதத்தில் அவரே இதை ஒப்புக்கொள்கிறார். ரிவெண்டெல்லில் அவனுக்கு பூட்ஸ் கொடுத்த இடம் திருத்தங்களில் எப்படியோ விட்டுப்போய்விட்டதாம். திரும்பி வரும் வழியில் கழற்றிவிட்டானாம். அடுத்த வரியிலேயே ஹாபிட் என்றால் தோலாகத் தடித்த உள்ளங்காலும் நன்றாகச் சீவிய முடிக்காலும்தான் என்கிறார்.

‘நன்றாகச் சீவிய’ என்பதை முதலில் அலங்காரம் என்று எண்ணிக் கடந்துவிட்டேன். மழையில் நனைந்த ஆட்டைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒட்டிச் சடைவிழுந்த மயிருக்குள் காற்று நிற்காது, காற்று நிற்காத மயிரில் கதகதப்பும் இருக்காது. வயலிலிருந்து வீடு திரும்பும் ஹாபிட் கணப்பின் முன்னால் உட்கார்ந்து, காலைத் துவட்டி, சேற்றை உதிர்த்து, முடியைச் சீவிச் சீவி நிமிர்த்துகிறான். அப்படியே அந்தக் கொழுப்புச் சட்டியையும் பக்கத்தில் இழுத்துக்கொள்கிறான் என்று நான் சேர்த்துக்கொண்டேன். அஞ்சலட்டைக்குப் பதிலாக இவ்வளவையும் மாணவிக்கு எழுதியனுப்பியாகிவிட்டது. மார்கழி பிறந்துவிட்டது, மொசைக் தரைக்கு ஒரு கோணிச் சாக்கு விரித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்